அறிவியல் ஆசிரியராகலாமா என்று கேட்டவருக்கு

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேதியியலில் முதுகலை முடித்த ஒருவர் கேட்கிறார்: உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராகச் சேரலாம் என்று யோசிக்கிறேன். அந்த வாழ்க்கை உண்மையில் எப்படி இருக்கும்? அதில் மேலே போக வழி உண்டா? எனக்கு இரவில் வானம் பார்க்கிற பழக்கம் உண்டு, அதற்கெல்லாம் நேரம் மிஞ்சுமா?

இருபத்து மூன்று வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். படித்தது இயற்பியல், நடத்துவது எல்லாம். உங்கள் மூன்று கேள்விகளில் கடைசியைத்தான் பலரும் ஒப்புக்குக் கேட்பார்கள். என் கணக்கில் அதுதான் முதல் கேள்வி. ஏன் என்று சொல்ல ஒரு மெழுகுவர்த்தி தேவைப்படுகிறது.

தட்டில் கொஞ்சம் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவர்த்தி, அதன்மேல் கவிழ்த்த கண்ணாடி டம்ளர். சுடர் சுருங்கி அணையும். தண்ணீர் டம்ளருக்குள் ஏறும். இதைச் செய்து காட்டாத அறிவியல் ஆசிரியரைப் பார்ப்பது கஷ்டம். நானும் ஆறு வருடம் செய்தேன். "காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். அது எரிந்து தீர்ந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்கிறது" என்று ஆறு வருடமும் சொன்னேன். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். தண்ணீரும் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உயரத்துக்கு ஏறி எனக்குச் சாட்சி சொன்னது.

ஏழாவது வருடம் மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண். தானாக வாய் திறக்காத பிள்ளை. "சார், எரியும்போது தண்ணி ஏறவே இல்லையே. அணைஞ்ச பிறகுதானே கடகடன்னு ஏறுது?" என்றாள். மறுபடி செய்தோம். அவள் சொன்னது சரி. டம்ளரைக் கவிழ்க்கும்போது விளிம்பிலிருந்து குமிழ்கள் வெளியேறுவதும் அன்றைக்குத்தான் என் கண்ணில் பட்டது. ஆறு வருடமாக அந்தக் குமிழ்கள் அங்கேதான் இருந்திருக்கின்றன.

விஷயம் இதுதான்: சுடருக்குப் பக்கத்தில் காற்று சூடாகி விரிகிறது, ஒரு பகுதி வெளியேறிவிடுகிறது. சுடர் அணைந்ததும் உள்ளே மிச்சமிருக்கிற காற்று குளிர்ந்து சுருங்குகிறது. உள்ளே அழுத்தம் குறைய, வெளிக்காற்று தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. ஆக்சிஜன் முழுவதும் தீருவதும் இல்லை, அதற்கு வெகு முன்னாலேயே மெழுகுவர்த்தி அணைந்துவிடும். எரிந்த ஆக்சிஜனுக்குப் பதில் கார்பன் டை ஆக்சைடு வேறு வந்து உட்கார்ந்துகொள்கிறது. மறுநாள் அதே டம்ளருக்குள் மூன்று மெழுகுவர்த்தி வைத்துச் செய்தோம். தண்ணீர் முந்தின நாளைவிட நன்றாகவே மேலே ஏறியது. டம்ளர் அதேதான், ஆக்சிஜன் அதே அளவுதான். கூடியது சூடு மட்டும். என் ஐந்தில் ஒரு பங்கு தற்செயல்.

"இத்தனை வருடமாகத் தப்பாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்" என்று அந்த வகுப்பில் சொன்னேன். வானம் இடிந்து விழவில்லை. ஆனால் அன்றிரவு தூக்கம் வரவில்லை. தப்பாகச் சொன்னது உறுத்தவில்லை. ஆறு வருடமாகப் பார்க்காமலே செய்திருக்கிறேன் என்பதுதான் உறுத்தியது. விடை கையில் இருந்ததால் கண் வேலை செய்வதை நிறுத்தியிருந்தது. இந்த வேலையில் ஆளைத் தின்கிற நோய் இதுதான். சேட்டை செய்யும் பிள்ளைகள், விடைத்தாள் கட்டு, மேலதிகாரி எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

சரி, முதலில் அன்றாடம். நாளுக்கு ஐந்து, ஆறு பீரியட். ஒவ்வொன்றும் நாற்பது, நாற்பத்தைந்து நிமிடம். ஒரே பாடத்தை ஏ பிரிவில் காலையிலும் சி பிரிவில் மதியத்துக்குப் பிறகும் நடத்துவீர்கள். காலையில் சிரித்த நகைச்சுவைக்கு மதியம் ஒருவரும் சிரிக்க மாட்டார்கள். நின்றுகொண்டே இருக்கும் வேலை. முதல் மூன்று மாதம் கால் வலிக்கும், தொண்டை கட்டும். சத்தம் போடுவதைவிட, பேச்சை நிறுத்திவிட்டு நிற்பதுதான் வகுப்பை அடக்கும் என்று தெரிய ஒரு வருடமாவது ஆகும். அதற்குள் தொண்டை பாதி போயிருக்கும்.

மற்ற பாட ஆசிரியருக்கு இல்லாத ஒன்று நமக்கு உண்டு: லேப். பிள்ளைகள் உள்ளே வருவதற்கு முன்னால் ஒரு மணி நேர வேலை அங்கே நடந்திருக்க வேண்டும். பத்து பியூரெட்டில் மூன்று ஒழுகும், எது என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். நீர்த்த அமிலத்தின் செறிவை நீங்களே ஒரு தடவை டைட்ரேட் செய்து பார்த்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாற்பது பேரும் நாற்பது விடையோடு நிற்பார்கள். நிலைமின்னியல் சோதனைகளை ஈரப்பதம் அதிகமான நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள், சீப்பு காகிதத்தை இழுக்காது. வெங்காயத் தோலை மெல்லியதாக உரிக்கப் பிள்ளைகளுக்குப் பத்து நிமிடம், கவர்ஸ்லிப்பைக் குமிழ் விழாமல் வைக்க இன்னும் பத்து, மைக்ரோஸ்கோப்பில் தெரிவது செல்லா தன் கண் இமை முடியா என்று கண்டுபிடிக்க இன்னும் பத்து. பீரியட் முடிந்துவிடும். படம் வரைவது வீட்டுப்பாடம்.

பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் நான் பழைய வாத்தியார் மாதிரிதான். அமிலத்தைத் தண்ணீரில் ஊற்று, தண்ணீரை அமிலத்தில் ஊற்றாதே, முடியைக் கட்டு, கண்ணாடியைக் கழற்றாதே. வேதியியல் படித்தவர் என்பதால் உங்களுக்குத் தனியாக ஒன்று சொல்கிறேன். மெத்தனாலை ஊற்றி வண்ணச் சுடர் காட்டும் டெமோ பார்க்கப் பிரமாதமாக இருக்கும். பல இடங்களில் மாணவர்கள் தீக்காயம் பட்டது அந்த டெமோவால்தான். சுடர் தணிந்ததென்று நினைத்து ஆசிரியர் பாட்டிலிலிருந்து மறுபடி ஊற்றுவார், ஆவி பற்றிக்கொண்டு பாட்டில் வாயிலிருந்தே நெருப்பு பாயும். அதே நிறங்களை, உப்புக் கரைசலில் ஊறவைத்த மரக்குச்சிகளை பர்னர் சுடரில் காட்டிப் பார்த்துவிடலாம். கைதட்டல் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

அப்புறம் விடைத்தாள். நாலு பிரிவு, பிரிவுக்கு நாற்பது பேர், தாளுக்கு ஆறு நிமிடம் என்று வைத்தால் பதினாறு மணி நேரம். ஒரு தேர்வுக்கு. இதைச் சம்பளத்துக்கான நேரத்தில் யாரும் சேர்ப்பதில்லை. என் வழி: முதலில் எல்லாத் தாளிலும் ஒரே கேள்வியைத் திருத்துவேன். இருபது தாள் தாண்டும்போது வகுப்பு எங்கே கூட்டமாக வழுக்கியிருக்கிறது என்று தெரியும். பருவங்கள் ஏன் மாறுகின்றன என்ற கேள்விக்கு, "கோடையில் பூமி சூரியனுக்குப் பக்கத்தில் போகிறது" என்று கெட்டிக்காரப் பிள்ளைகளும் எழுதுவார்கள். பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பது ஜனவரி தொடக்கத்தில். அப்போது வட அரைக்கோளம் முழுக்கக் குளிர்காலம். இந்த ஒரு தகவலைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு நின்று பாருங்கள், வகுப்பு தானே சண்டை போட்டு அச்சின் சாய்வுக்கு வந்து சேரும்.

வாயை மூடிக்கொண்டு நிற்பது என்றேன். அதற்கு ஓர் ஆராய்ச்சியே உண்டு. மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் வகுப்புப் பதிவுகளைக் கேட்டுக் கணக்கெடுத்தார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பது சராசரியாக ஒரு விநாடிதான். அதற்குள் பதில் வராவிட்டால் அடுத்த பிள்ளைக்குப் போய்விடுகிறார்கள், இல்லையென்றால் தாங்களே பதில் சொல்லிவிடுகிறார்கள். அதை மூன்று விநாடியாக்கியதும் பதில்கள் நீண்டன, "தெரியாது" குறைந்தது, அதுவரை பேசாத பிள்ளைகள் பேசினார்கள். மூன்று விநாடி என்பது படிக்கும்போது ஒன்றுமில்லை. நாற்பது ஜோடிக் கண்கள் முன்னால் நின்று எண்ணிப் பாருங்கள், மூன்று நிமிடம் மாதிரி இருக்கும். விடை தெரிந்தவருக்கு மௌனத்தைத் தாங்குவது அவ்வளவு கஷ்டம்.

தாங்காதவர்கள் என்ன செய்வார்கள் என்பதற்கு ஒரு கதை உண்டு, இது நடந்த கதை. 1963இல் இன்றைய டான்சானியாவில் எராஸ்டோ பெம்பா என்ற பள்ளி மாணவன் ஐஸ்கிரீம் செய்தபோது, சூடான பால் கலவை ஆறிய கலவையைவிடச் சீக்கிரம் உறைவதைக் கவனித்தான். ஆசிரியரிடம் கேட்டான். நீ குழம்பிப்போயிருக்கிறாய் என்று பதில் வந்தது. பிறகு மேல்நிலைப் பள்ளியிலும் கேட்டான். அது உலகத்து இயற்பியல் இல்லை, பெம்பாவின் இயற்பியல் என்று ஆசிரியர் கேலி செய்தார், வகுப்பும் சேர்ந்துகொண்டது. பல்கலைக்கழகத்திலிருந்து டெனிஸ் ஆஸ்போர்ன் என்ற பேராசிரியர் பள்ளிக்குப் பேச வந்தபோது அவரிடமும் கூச்சப்படாமல் அதையே கேட்டான். அவர் சிரிக்கவில்லை, ஊருக்குத் திரும்பிப் போய்ச் சோதித்துப் பார்த்தார். 1969இல் இருவர் பெயரிலும் கட்டுரை வந்தது. அந்த விளைவு எப்போது நிகழ்கிறது, உண்மையிலேயே நிகழ்கிறதா என்று இன்னும் வாதம் நடக்கிறது. அது வேறு விஷயம். அந்த ஆசிரியர் கெட்டவராக இருந்திருக்க மாட்டார். நியூட்டனின் குளிர்தல் விதி அவருக்குத் தெரியும், போர்ஷன் முடிக்க வேண்டும், மணி அடிக்கப் போகிறது. நானும் எத்தனை பெம்பாக்களை உட்காரச் சொல்லியிருக்கிறேனோ.

இனி தொழில் பாதை. நாட்டுக்கு நாடு தேர்வும் சான்றிதழும் மாறும், ஆனால் உருவம் ஒன்றுதான்: பாடத்தில் ஒரு பட்டம், கற்பித்தலில் ஒரு பயிற்சி, அனுபவசாலி ஒருவர் பின்பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுக்க நீங்கள் நடத்தும் பயிற்சி வகுப்புகள், அப்புறம் தகுதிகாண் காலம். பயிற்சியில் சொல்லும் கோட்பாடுகளில் பாதி ஐந்தாம் வருடம்தான் புரியும். குறிப்பேட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

தகுதித் தேர்வைக் கண்டு பயப்படுகிறவர்களுக்கு நான் மெண்டலைக் காட்டுவேன். மரபியலின் தந்தை என்று பாடப்புத்தகத்தில் படம் போட்டிருக்கும் அதே கிரிகோர் மெண்டல், ஆசிரியர் சான்றிதழ் தேர்வை 1850இல் எழுதித் தோற்றார். 1856இல் மறுபடி போனார், மறுபடியும் தேறாமல் திரும்பினார். ஆனாலும் 1854 முதல் 1868 வரை ப்ரூன் நகரப் பள்ளியில் இயற்பியலும் இயற்கை வரலாறும் நடத்தினார், தற்காலிக ஆசிரியராகவே. மடத்துத் தோட்டத்தில் எட்டு வருடம் ஏறக்குறைய 28,000 பட்டாணிச் செடிகளை வளர்த்து எண்ணிக்கொண்டிருந்ததும் அந்தப் பதினான்கு வருடத்துக்குள்தான். 1866இல் அச்சான கட்டுரையை 1900 வரை உலகம் சட்டை செய்யவில்லை. தேர்வில் தோற்றவர்கள் எல்லாம் மெண்டல் ஆகிவிடுவார்கள் என்று சொல்லவரவில்லை. தேர்வு அளக்கிறது ஒன்றை, வேலை கேட்கிறது வேறொன்றை.

சேர்ந்த புதிதில் வேதியியல் மட்டும் நடத்தலாம் என்று நினைக்காதீர்கள். உயர்நிலை வகுப்புகளில் பெரும்பாலும் மூன்றும் உங்கள் தலையில் விழும். எனக்குப் பூவின் பாகங்கள் முதல் வருடம் பெரிய கண்டம்; முந்தின இரவு செம்பருத்தியை நறுக்கி வைத்துக்கொண்டு சூல்முடி எது, மகரந்தப்பை எது என்று மனப்பாடம் செய்தேன். முதல் வருடம் ஒரு பீரியடுக்கு ஒன்றரை மணி நேரத் தயாரிப்பு. மூன்றாவது வருடம் கோப்பு சேர்ந்துவிடும், தயாரிப்பு இருபது நிமிடமாகக் குறையும். மூச்சு விடலாம். ஐந்தாம், ஆறாம் வருடம்தான் கவனிக்க வேண்டியது. கோப்பைத் திறக்காமலே நடத்த ஆரம்பிப்பீர்கள். என் மெழுகுவர்த்தி வருடங்கள் அவை.

மேலே போக வழி உண்டு. துறைத் தலைவர், தலைமை ஆசிரியர் என்று ஒரு பாதை. அதில் ஏற ஏற லேப் தூரமாகும்; அங்கே போன நண்பர்கள் பலர் இப்போது பாடம் நடத்துவது யாராவது விடுப்பு எடுத்த நாளில் மட்டும். பாடத்திட்டக் குழு, பாடநூல் எழுதுவது, வினாத்தாள் அமைப்பது, புது ஆசிரியருக்குப் பயிற்சி கொடுப்பது என்று இன்னொரு பாதை. அறிவியல் மையங்கள், கோளரங்கங்கள் பக்கம் போனவர்களும் உண்டு. சம்பளம் மெதுவாக ஏறும், பெரும்பாலும் நின்றுபோகாது. ஒரே வகுப்பில் படித்து வேறு துறைக்குப் போனவரோடு ஒப்பிட்டால் பத்தாவது வருடம் மனசு கொஞ்சம் சுருங்கும். அதைச் சரிக்கட்ட மாலையில் தனி வகுப்பு எடுக்கலாமா என்று எல்லோரும் ஒரு கட்டத்தில் யோசிப்பார்கள். பணத் தேவை இருந்தால் எடுத்துத்தான் ஆக வேண்டும், அதில் கௌரவக் குறைச்சல் இல்லை. ஆனால் அது எடுத்துக்கொள்வது எந்த நேரத்தை என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏனென்றால் அது எடுப்பது பொழுதுபோக்கின் நேரத்தைத்தான். இப்போது உங்கள் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன்.

மெழுகுவர்த்திக்குப் பிறகு எனக்கு ஒன்று புரிந்தது. பகல் முழுக்க விடை தெரிந்தவனாகவே நிற்கிறவனுக்கு, விடை தெரியாதவனாக உட்கார வாரத்தில் சில மணி நேரம் வேண்டும். அதுவும் வகுப்புக்குப் பயன்படும் என்று கணக்குப் போடாமல். ஸ்டாஃப் ரூமில் ஒருவர் புல்லாங்குழல் கற்றுக்கொண்டிருந்தார், நாற்பத்தெட்டு வயதில். மூன்று மாதம் வெறும் காற்றுதான் வந்தது. அந்த மூன்று மாதத்தில் மக்குப் பிள்ளைகளிடம் அவர் பேசும் தோரணையே மாறிவிட்டது. மக்கு என்ற சொல்லை விட்டுவிட்டார்.

நான் எடுத்துக்கொண்டது பாசி. ஈரச் சுவரில், மரப்பட்டையில் பச்சையாகப் படர்ந்திருக்கிறதே, அது. அதில் நீர்க்கரடி இருக்கும் என்று படித்திருந்தேன். டார்டிகிரேடு என்பார்கள், எட்டுக் கால், அரை மில்லிமீட்டர் நீளம், உலர்ந்தால் சுருண்டு பீப்பாய் மாதிரி ஆகி வருடக்கணக்கில் கிடக்கும், தண்ணீர் பட்டால் எழுந்து நடக்கும். 1773இல் ஜெர்மனியில் கோட்சே என்ற மதகுரு முதலில் விவரித்து எழுதினார். செய்முறையும் சுலபம்தான்: பாசியைப் பிய்த்து, ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவை, காலையில் பிழி, பிழிந்த தண்ணீரை நாற்பது மடங்கு உருப்பெருக்கத்தில் பார். பள்ளி மைக்ரோஸ்கோப் தாராளமாகப் போதும்.

இரண்டு மாதம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. மண், மணல், இலைத் துணுக்கு, சுருண்டு நெளியும் நூற்புழு, வாயில் சக்கரம் சுழற்றிக்கொண்டிருக்கும் ரோட்டிஃபர். நீர்க்கரடி மட்டும் இல்லை. வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் எனக்குக் காலி. லேபில் உட்கார்ந்து சொட்டுச் சொட்டாகப் பார்ப்பேன். ரெக்கார்டு நோட்டு கொடுக்க வந்த பையன் ஒருவன், "என்ன சார் தேடுறீங்க?" என்றான். சொன்னேன். "இருக்குமா சார்?" "தெரியலப்பா." அவன் முகத்தில் வந்த ஆச்சரியத்தை மறக்க முடியவில்லை. நீர்க்கரடியைக் கேட்டு வந்த ஆச்சரியம் இல்லை அது. சாருக்குத் தெரியவில்லையாம்!

அடுத்த வெள்ளி அவன் பாசியோடு வந்தான், இன்னும் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு. அவன் கொண்டு வந்தது காய்ந்து மொறுமொறுவென்று இருந்தது. நான் அதுவரை ஈரப் பாசியாகவே பொறுக்கியிருந்தேன். ஊறவைத்துப் பார்த்ததில் அவன் கண்ணுக்குத்தான் முதலில் பட்டது. "சார், குண்டா ஒன்னு நடக்குது." எட்டிப் பார்த்தேன். கால்களைத் துழாவித் துழாவி, பிடிமானம் கிடைக்காமல் தடுமாறும் குட்டி உருவம், உடம்பு வழியாக உள்ளே இருக்கிற பச்சை தெரிகிறது. ஐந்து நிமிடம் நால்வரும் மாறி மாறிப் பார்த்தோம், யாரும் பேசவில்லை. நனைந்து காய்ந்து மறுபடி நனையும் பாசியில் தேடுவது நல்லது என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். ஊறிக்கொண்டே இருக்கும் பாசியில் மற்றதெல்லாம் கொழுத்துவிடும். காய்வதைத் தாங்குகிறவன் ஆட்சி காய்கிற இடத்தில்தான்.

எந்தப் பொழுதுபோக்கு இந்த வேலைக்கு ஒத்துவரும் என்று கேட்டால், சின்னச் சின்னத் துண்டாக நறுக்க முடிகிற ஒன்று. தேர்வுக் காலத்தில் மூன்று வாரம் விட்டாலும் செத்துப்போகக் கூடாது. அல்லது தினம் ஐந்து நிமிடத்துக்கு மேல் கேட்கக் கூடாது. அணுக்கொள்கையின் ஜான் டால்டனை எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு வயதிலேயே பள்ளியில் பாடம் நடத்த ஆரம்பித்தவர், வாழ்நாள் முழுக்கப் பாடம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவர். 1787இல் ஒரு வானிலைக் குறிப்பேடு தொடங்கினார்: வெப்பம், காற்றழுத்தம், மழை. 57 வருடம் எழுதினார், 1844இல் சாகும்வரை; மொத்தம் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள். காற்றில் கலந்திருக்கும் வாயுக்கள் ஏன் தனித்தனி அடுக்காகப் பிரிவதில்லை என்று அவர் யோசிக்க ஆரம்பித்தது அந்த வானிலைப் பித்தில்தான்; அங்கிருந்து பகுதி அழுத்தம், அதாவது கலவையில் ஒவ்வொரு வாயுவும் தன் பங்குக்குத் தரும் அழுத்தம், அங்கிருந்து அணு. நம் வீட்டு மழைமானி அவ்வளவு தூரம் கூட்டிப் போகாது. ஆனால் தினமும் காலையில் ஒரு எண்ணை எழுதுவதில் ஒரு சுகம் இருக்கிறது, திருத்த வேண்டாத எண் அது.

துணை கிடைத்தால் இன்னும் நல்லது. ஜெர்மனியின் வோல்ஃபன்பியூட்டல் என்ற சின்ன ஊரில் யூலியஸ் எல்ஸ்டர், ஹன்ஸ் கைட்டல் என்று இரண்டு பேர். பால்ய நண்பர்கள், ஒரே பள்ளியில் அறிவியல் ஆசிரியர்கள். பள்ளி விட்டதும் வீட்டில் அமைத்த சோதனைக்கூடத்துக்குப் போய்விடுவார்கள். ஒளி பட்டால் மின்சாரம் தரும் ஒளிமின்கலத்தை முதலில் உருப்படியாகச் செய்தவர்கள் இவர்கள்தான். கதிரியக்க ஆற்றல் வெளியிலிருந்து வரவில்லை, அணுவுக்குள்ளிருந்தே வருகிறது என்று 1899 வாக்கிலேயே சொன்னவர்களும் இவர்கள்தான். நோபல் பரிசுக்குப் பலமுறை பெயர் போனது, கிடைக்கவில்லை. கட்டுரைகளில் பெரும்பாலும் இரண்டு பெயரும் சேர்ந்தேதான் வரும். நாள் முழுக்க நாற்பது பேரோடு பேசிவிட்டு வந்தாலும் ஆசிரியர் வேலை ஒரு வகையில் தனிமையான வேலை. வகுப்புக் கதவைச் சாத்திவிட்டால் சக வயதுக்காரர் யாரும் பக்கத்தில் இல்லை. பக்கத்து லேபில் ஒரு கைட்டல் கிடைத்தால் விடாதீர்கள்.

நீங்கள் வானம் பார்ப்பவர் என்பதால் ஹன்னி வான் ஆர்கெல் கதை தெரிந்திருக்கலாம். நெதர்லாந்தில் உயிரியல் ஆசிரியை. கிட்டார் வாசிக்கும் பழக்கம் உள்ளவர். குயீன் இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் பிரையன் மே, வானியல் ஆராய்ச்சியும் செய்தவர், தன் இணையதளத்தில் கேலக்ஸி ஜூ என்ற திட்டத்தைக் குறிப்பிட்டிருந்ததைப் பார்த்துச் சேர்ந்தார். தொலைநோக்கி எடுத்த விண்மீன் மண்டலப் படங்களைப் பொதுமக்களே பார்த்து வகை பிரிக்கும் திட்டம் அது. 2007இல் ஒரு படத்தில் விண்மீன் மண்டலத்துக்குக் கீழே விநோதமாக ஒரு திட்டு இருப்பதைப் பார்த்து, இது என்ன என்று கேட்டார். வானியலாளர்களுக்கும் தெரியவில்லை. அடங்கிப்போன ஒரு குவாசரின், அதாவது விண்மீன் மண்டலத்தின் நடுவில் பிரமாண்டமாக ஒளி வீசும் மையத்தின், பழைய ஒளி பட்டு இன்னும் ஒளிர்ந்துகொண்டிருக்கும் வாயு மேகம் என்று பிறகு தெரிந்தது. டச்சு மொழியில் 'ஹன்னியின் பொருள்' என்று அர்த்தம் வரும் பெயரிலேயே அது வழங்குகிறது. அவர் செய்தது என்ன? தெரியாத ஒன்றைத் தெரியவில்லை என்று கேட்டார். அந்தப் படத்தைக் கடந்து போன மற்றவர்களும் இருந்திருப்பார்கள்.

நேரம் மிஞ்சுமா என்றால், தானாக மிஞ்சாது. முதல் வருடம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமையும் பாடத் தயாரிப்பில் போகும். இரண்டாம் வருடத்திலிருந்து வாரத்துக்கு ஒரு பொழுதை ஒதுக்கி, விடைத்தாள் கட்டு வந்தாலும் அதைத் தொடக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் அந்தப் பொழுது பள்ளி லேபிலேயே இருக்கட்டும், யாராவது ஒரு பிள்ளை எட்டிப் பார்க்கும். நீண்ட விடுமுறை உண்டு என்று வெளியே இருப்பவர்கள் பொறாமைப்படுவார்கள். அதில் முதல் பத்து நாள் உடம்பு தேறுவதற்கே சரியாக இருக்கும், மீதி உண்மையிலேயே உங்களுடையது.

வரக் கூடாதவர்களும் இருக்கிறார்கள். ஆராய்ச்சி வேலை கிடைக்காத கோபத்தோடு வருகிறவர்கள், அந்தக் கோபத்தை ஒவ்வொரு வருடமும் நூற்றறுபது பேர்மேல் இறக்குவார்கள். பிள்ளைகள் தன்னை மெச்ச வேண்டும் என்று வருகிறவர்களும் சீக்கிரம் உடைந்துபோவார்கள். பதினான்கு வயது யாரையும் மெச்சாது. உங்கள் கேள்வியின் தொனியில் இரண்டும் தெரியவில்லை.

வானம் பார்க்கிற பழக்கத்தை விடாமலிருக்க ஒரு யோசனை. பெர்சியஸ் என்ற நட்சத்திரக் கூட்டத்தில் அல்கோல் என்ற நட்சத்திரம் 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒருமுறை மங்கும். மங்கலான துணை நட்சத்திரம் குறுக்கே வந்து மறைப்பதால். வெறுங்கண்ணுக்கே தெரியும். இந்தக் கால அளவை ஜான் குட்ரிக் என்ற காது கேளாத பதினெட்டு வயது இளைஞர் வெறுங்கண்ணால் பார்த்தே கணக்கிட்டு 1783இல் அறிவித்தார். தொலைநோக்கி வேண்டாம், செலவு இல்லை, பக்கத்திலுள்ள நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு ஒரு எண்ணைக் குறித்தால் போதும், மொட்டைமாடியில் ஐந்து நிமிட வேலை. அந்த எண்களை வகுப்பில் பலகையில் எழுதிப் போடுங்கள், என்ன நட்சத்திரம், ஏன் மங்குகிறது என்று எதுவும் சொல்லாமல். எனக்குப் பாசியில் வந்த அந்தப் பையன் மாதிரி உங்களுக்கும் யாராவது வருவார்கள். அதற்கு முன், வேலையில் சேர்ந்த முதல் வாரமே டைம்டேபிளைக் கையில் வாங்கி, எந்த நாளில் கடைசி பீரியட் காலி என்று பார்த்து வட்டம் போட்டுவிடுங்கள். விட்டால் வேறு யாராவது விடுப்பு எடுத்த வகுப்புக்கு உங்களை அனுப்பிவிடுவார்கள்.